ஒரு வாய், நாலு குட்டி

நம் வயதுக்காரர் நாலு பேர் ஒரு மேசையில் இருந்தால் பேச்சு முழங்காலில் தொடங்கி, கொலஸ்ட்ரோலுக்குப் போய், கடைசியில் ரக்கூனில் வந்து நிற்கிறது. போன மாதம் ஒரு கலியாண வீட்டிலும் அப்படித்தான். இரவில் வந்து கிண்டும் ரக்கூனுக்குப் பயந்து, ஒருவர் சாப்பாட்டுக் கழிவு போடும் தன் பச்சைத்தொட்டிக்குப் பூட்டு வாங்கியிருக்கிறார். இன்னொருவர் அதன் மேல் கல் வைத்து, கயிறும் கட்டியிருக்கிறார். காலையில் வந்து பார்த்தால் கயிறு அவிழ்ந்து கிடக்க, கல் பக்கத்தில் பத்திரமாக இறக்கி வைக்கப்பட்டிருந்ததாம். "உந்தக் கள்ளச் சாமானுக்கு எங்கடை ஆக்களை விட மூளை" என்று அவர் சொல்ல, மேசை முழுதும் சிரித்தது.

நானும் சிரித்தேன். ஆனால் என்னிடம் ரக்கூனைப் பற்றி வேறொரு கதை இருக்கிறது. சாப்பாட்டு வரிசைக்குக் கூப்பிடுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடியது அல்ல. நீங்களும் அந்தக் காலத்தில் கனடாவுக்கு வந்தவர்கள்தான், யாரோ தந்த கோட்டுக்குள் புகுந்து நடுங்கியவர்கள்தான். அதனால் பாதியை விளக்காமலே விட்டுவிடலாம்.

நான் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த ஆண்டின் வசந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது. அப்பா முதலில் வந்தார். பிறகு அம்மா, கைக்குழந்தையாக இருந்த தம்பியோடு வந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண்ணைத்தான் ஏற்றலாம், பெரிய பிள்ளையைப் பிறகு பார்ப்போம் என்று ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொன்னானாம். அந்தப் 'பிறகு' இரண்டு வருடத்துக்கு மேல் இழுபட்டது. அதுவரை நான் கொழும்பில், வெள்ளவத்தையில், அப்பாவின் தங்கையான மாமியின் வீட்டில் இருந்தேன்.

அம்மா கசெற்றில் பேசி அனுப்புவார். மாமி அதை றேடியோவில் போட்டுவிட்டு, நான் கேட்க முதலே தான் அழத் தொடங்குவார். "பிள்ளை, வடிவாச் சாப்பிடுறியோ? தலைக்கு எண்ணெய் வைக்கிறியோ?" என்று அம்மாவின் குரல் வரும். நடுவில் தம்பி வீரிட்டு அழுவான். உடனே அந்தக் குரல் என்னை விட்டு எழும்பிப் போகும். "ஓ ஓ, என்ரை குஞ்செல்லோ" என்று தூரத்தில் கேட்கும். அதன் பிறகு கொஞ்ச நேரம் நாடா வெறுமனே இரைந்துகொண்டு ஓடும். அந்த வெறும் இரைச்சலைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்தக் கசெற்றுகளில் ஒன்றுகூட இன்று இல்லை. மாமி வீடு மாறியபோது பழைய சாமான்களோடு போய்விட்டன.

விமான நிலையத்தில் அம்மா என்னைக் கட்டிப் பிடித்து அழுதபோது நான் மரக்கட்டை மாதிரி நின்றேன். அம்மா என்று கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் "இஞ்சை", "இது எங்கை வைக்கிறது" என்று மொட்டையாகப் பேசிச் சமாளித்தேன். தம்பியை முதல் தூக்கினார்கள், என்னை விட்டுவிட்டார்கள். ஆகவே யார் முக்கியம் என்பது தெரிந்த விஷயம். ஒன்பது வயதில் போட்ட கணக்கு. எவராலும் அதில் பிழை பிடிக்க முடியாது.

வீடு பார்க்டேலில் ஒரு பழைய செங்கல் வீட்டின் மேல்மாடியான மூன்றாம் தட்டு. கூரையின் சரிவு அறைக்குள்ளேயே இறங்கும். அப்பா நிமிர்ந்தால் தலை இடிக்கும். அந்தச் சரிவின் அடியில், என் படுக்கையின் தலைமாட்டில், முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கதவு இருந்தது. அதைத் திறந்தால் கூரைக்கும் சுவருக்கும் இடையில் இருட்டான ஓர் இடுக்கு. பழைய பஞ்சும் தூசியுமாக இருக்கும். யன்னலுக்கு வெளியே கீழ்க் குசினியின் தட்டைக் கூரை, அதற்கப்பால் ஒரு மேப்பிள் மரம், பின்னால் ஒழுங்கை, ஒழுங்கையில் உடைந்த கராஜ்கள். இவ்வளவும்தான் என் உலகம்.

அந்தச் சின்னக் கதவுக்குப் பின்னால் யாரோ குடியிருக்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். சுவரில் காதை வைத்தால் கேட்கும். பொழுதுபடும் நேரம் பெரிதாக ஒன்று நகர்ந்து வெளியே போகும். உடனே சின்னக் குரல்கள் பல சேர்ந்து கத்தும், குருவிக் குஞ்சு மாதிரியும் இருக்கும், பூனைக்குட்டி மாதிரியும் இருக்கும். கொஞ்ச நேரத்தில் களைத்து அடங்கிவிடும். பெரியது திரும்பி வந்ததும் மறுபடியும் சத்தம் தொடங்கும். ஆனால் அது வேறு சத்தம். போகும்போது அழுதது ஒரு விதம், வந்த பிறகு அழுவது இன்னொரு விதம். அந்த இரண்டாவது அழுகையில் ஒரு முறைப்பாடு இருந்தது. எனக்கு அது நன்றாக விளங்கியது.

அந்த மே மாத நீண்ட விடுமுறை வார இறுதியில் கொண்டாட்டத்துக்காகத் தெருவில் வெடி கொளுத்தினார்கள். முதல் வெடிக்கே அப்பா எழும்பிப் போய் லைற்றை நிற்பாட்டினார், ஊரில் குண்டு விழுந்த நாட்களின் பழக்கதோஷம். நாங்கள் மூச்சுக் காட்டாமல் இருந்தோம். நான் காதைச் சுவரோடு வைத்தேன். அந்தப் பக்கமும் மூச்சில்லை. பயம் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மழை பெய்து விட்ட ஒரு மாலையில் அந்தக் குட்டிகளின் தாயைக் கண்டேன். பூனையை விடப் பெரிய உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, வாலில் வளையம். தட்டைக் கூரையில் தேங்கிய தண்ணீருக்குள் கைகளை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. கால் என்று சொல்ல மனம் வரவில்லை, விரல் விரலாகக் கைதான். துழாவும்போது தண்ணீரைப் பார்க்கவே இல்லை, முகம் வேறெங்கோ பார்த்தபடி இருந்தது. அம்மா புட்டுக்கு மாக் குழைக்கும்போது இப்படித்தான் கையைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதம் கைக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் படப் புத்தகத்தில் அதன் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து சொன்னேன். யார் கேட்டார்கள்? கீழ்த்தட்டில் ஓர் அண்ணை இருந்தார். எங்களுக்கு மூன்று வருடம் முந்தி வந்தவர், அதனால் பனி, பஸ், வேலை, விசா எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. என் தலையைத் தடவிவிட்டுச் சொன்னார்.

"ரக்கூனும் இல்லை, கிக்கூனும் இல்லை, பிள்ளை. உது மரநாய். இஞ்சை குளிருக்கு மயிர் கூட வளந்திருக்கு, அவ்வளவுதான்."

"மரநாய்க்கு வாலிலை வளையம் இருக்கோ அண்ணை?" என்று அப்பா சந்தேகப்பட்டார்.

"கனடாவிலை இருக்கும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் மரநாய்.

வீட்டுக்கார அம்மா ஒரு போலந்துக்காரர். கூரையைப் பிராணி கடித்தால் திருத்த முடியாது, உடனே துரத்துங்கள், இல்லாவிட்டால் வேறு வீடு பாருங்கள் என்று சொல்லிவிட்டார். எங்கே போவது? அப்பா அண்ணையைப் பார்த்தார். அண்ணைக்கு மரநாயைத் துரத்தும் வழி தெரிந்திருந்தது. ஊரில் அது முகட்டில் ஏறினால் கீழே நின்று காய்ந்த செத்தல் மிளகாய் புகைப்பார்களாம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அம்மாவின் தாச்சியில் இரண்டு கை செத்தல் மிளகாயும் உப்பும் போட்டு, மின்சார அடுப்பில் கருக வறுத்து, புகை கிளம்பியதும் அண்ணை தாச்சியோடு ஓடிவந்து சின்னக் கதவைத் திறந்து உள்ளே தள்ளினார். உள்ளே போன புகையை விட வெளியே வந்த புகைதான் கூட. தம்பி இருமி இருமி வாந்தி எடுத்தான். அப்பா கண்ணைக் கசக்கி, கையிலிருந்த மிளகாய் கண்ணுக்குள்ளும் போய், அறையைச் சுற்றி ஓடினார். அப்போது சீலிங்கில் இருந்த, புகை பட்டால் கத்தும் வட்டப் பெட்டி அலறத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொன்று அலறியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், யாரோ கூப்பிட்டு, கொஞ்ச நேரத்தில் தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. மூன்று மாடி ஏறிவந்த இராட்சத மனிதர் ஒருவர் வாசலில் நின்று கண்ணீர் விட்டு இருமினார். என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா யோசித்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மிருகம்" என்றார்.

அவர் திடுக்கிட்டு, சின்னக் கதவுக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ரக்கூன்" என்றார். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை சீலிங்கைப் பார்த்தார்.

உள்ளே தாய் இல்லை. பஞ்சுக்குள் நாலு குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து தும்மிக்கொண்டிருந்தன. கண்ணைச் சுற்றிக் கறுப்பு அப்போதுதான் இலேசாகப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அம்மா தாச்சியை இழுத்து எறிந்துவிட்டு, துவாயை நனைத்து விசுக்கி விசுக்கிப் புகையைக் கலைத்தார்.

தீயணைப்புக்காரர் போனதும் வீட்டுக்கார அம்மா கையில் பலகையும் சுத்தியலுமாக மேலே ஏறிவந்தார். கூரையோரத்தில் அது வந்துபோகும் ஓட்டையை இப்போதே அடை, குட்டிகளைப் பெட்டியில் போட்டு வெளியே வை என்றார். அண்ணை சுத்தியலை வாங்கினார்.

"பாத்தியளோ" என்றார் அண்ணை, தோற்றுப்போன மனிதர் எதையாவது சொல்ல வேண்டுமென்று சொல்வது போல. "புகை கண்டவுடனை தாய் குட்டியளை விட்டிட்டு ஓடிட்டுது. மிருகம் மிருகந்தான். தன்ரை உயிர்தான் அதுக்குப் பெரிசு."

நான் படுக்கையில் இருந்தேன். எனக்கு முகம் சுட்டது. என் மனதுக்குள் இரண்டு வருடமாக இருந்த வசனத்தை யாரோ எடுத்து எல்லாருக்கும் முன்னால் வாசித்தது மாதிரி இருந்தது.

அம்மா துவாயைப் பிழிந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"விட்டிட்டு ஓடேல்லை அண்ணை. அதுக்கு ஒரு வாய்தானே இருக்கு. நாலை ஒருமிக்கத் தூக்கேலுமோ?"

"அப்ப ஒண்டையாவது தூக்கியிருக்கலாமே தங்கச்சி."

"இடம் பாக்கப் போயிருக்கும். இடமில்லாமல் எங்கை கொண்டு போறது? வரும். வரும் மட்டும் ஒருதரும் ஆணி அடிக்கப்படாது."

அம்மா அப்படி யாருக்கும் உத்தரவு போட்டு நான் கேட்டதில்லை. சின்னக் கதவை மெல்லச் சாத்திவிட்டு அதன் முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். வீட்டுக்கார அம்மாவிடம் இதை ஆங்கிலத்தில் சொல்ல அம்மாவுக்குத் தெரியவில்லை. நாலு விரலைக் காட்டினார், பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டினார், பிறகு யன்னலைக் காட்டினார். அந்தப் போலந்துக்கார அம்மாவுக்கு என்ன விளங்கியதோ, பலகையைச் சுவரில் சாத்திவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் யன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றேன். வரவேண்டும் என்று கும்பிட்டேனா, வரக்கூடாது என்று கும்பிட்டேனா? வராவிட்டால் என் கணக்குச் சரி. வந்துவிட்டால் என் கணக்கு என்னாவது? இவ்வளவு தெளிவாக அப்போது யோசித்திருக்க மாட்டேன். ஆனால் மேப்பிள் மரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அது வந்தது. பட்டப்பகலில், தட்டைக் கூரையின் நடுவால், தோளை உயர்த்திப் பதுங்கிப் பதுங்கி வந்தது. யன்னலில் என்னைக் கண்டு நின்றது. சிவந்த கண்ணால் பார்த்தது. புகை அதன் கண்ணையும் கெடுத்திருக்கிறது. பிறகு என்னைப் பொருட்படுத்தாமல் ஓட்டைக்குள் புகுந்து, ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. மேப்பிள் மரத்தால் தலைகீழாக இறங்கி, வேலிக்கு மேலால் நடந்து, ஒழுங்கையில் இருந்த கராஜின் உடைந்த முகட்டுக்குள் மறைந்தது. பிறகு வெறும் வாயோடு திரும்பி வந்தது. இரண்டாவதைக் கொண்டுபோனது. மூன்றாவதையும் கொண்டுபோனது.

பிறகு வரவில்லை.

மழை பிடித்தது. ஒழுங்கையில் யாரோ நாயோடு நின்று நெடுநேரம் பேசினார்கள். நாய் வேலியைப் பார்த்துக் குரைத்தது. சுவருக்குப் பின்னால் கடைசிக் குட்டி தனியாகக் கத்தத் தொடங்கியது. நாலு பேர் சேர்ந்து கத்துவதும் ஒருவர் தனியாகக் கத்துவதும் ஒன்றல்ல. அந்தக் குரலில் இடைக்கிடை ஒரு நிறுத்தம் வந்தது, பதில் வருகிறதா என்று காது கொடுப்பது போல. அந்த நிறுத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"மூண்டு போதுமெண்டு நினைச்சிட்டுது போல" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு அல்ல. களைப்பில் சொன்னார்.

"அது அப்பிடி நினையாது" என்றார் அம்மா.

அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். "தங்கச்சி, நான் வேலைக்குப் போகோணும். ரெண்டு ஆணிதானே. அடிச்சுப்போட்டு ஓடுறன்."

"சுத்தியலை இஞ்சை தந்திட்டு நீங்கள் போங்கோ அண்ணை. நான் அடிக்கிறன்."

வாங்கிய சுத்தியலை மடிக்குள் வைத்து அதன் மேல் சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். யாராவது பறித்துவிடுவார்கள் என்று பயந்தது மாதிரி. நான் அப்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வந்த நாள் தொடக்கம் நேராகப் பார்க்காத முகம். உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. அந்தக் குட்டி கத்தும் ஒவ்வொரு முறையும் அம்மாவின் உதடு அசைந்தது. கசெற்றில் நாடா வெறுமனே ஓடிய இடங்களில் அம்மா என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்று முதல் முறையாக யோசித்தேன்.

வெளிச்சம் மங்கிவரும்போது வேலியில் எதுவோ அசைந்தது. நனைந்து பாதியாகச் சுருங்கிப்போய், ஒரு கையைத் தூக்கி நொண்டியபடி வந்துகொண்டிருந்தது.

"அம்மா! வந்திட்டுது! அம்மா, இஞ்சை வந்து பாருங்கோ!"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா எழும்பி வந்தார், சுத்தியல் மடியிலிருந்து விழுந்து உருண்டது. என் பின்னால் நின்று என் தலைக்கு மேலால் யன்னலைப் பார்த்தார். அவருடைய நாடி என் உச்சந்தலையில் பதிந்திருந்தது. நான் நகரவில்லை. தாய் கடைசிக் குட்டியைக் கவ்விக்கொண்டு போவதை இருவரும் பார்த்தோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் வேறு விஷயம். இனி ஆணி அடிக்கலாம் என்று அப்பா பலகையைத் தூக்கிய நேரம் அது திரும்பவும் வந்தது. நாலும் போய்விட்டன, உள்ளே ஒன்றும் இல்லை. இருந்தாலும் வந்தது. நாங்கள் சுவரில் காதை வைத்தோம். உள்ளே அந்தக் கைகள் பலகையைத் தட்டித் தடவிக்கொண்டு போவது கேட்டது. இந்த மூலை, அந்த மூலை, பஞ்சு, மறுபடி இந்த மூலை. ஆறுதலாக, அவசரமில்லாமல் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போனது.

"பாவம், கணக்குத் தெரியேல்லை அதுக்கு" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஆணி மறுநாள் காலையில் அம்மாதான் அடித்தார். கோணலாகத்தான் இறங்கியது. கருகிய தாச்சியை எவ்வளவு தேய்த்தும் மிளகாய் மணம் போகவில்லை. அடுத்த வீடு மாறும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

அந்தக் கடைசி வருகையைப் பற்றி நான் எத்தனையோ வருடம் யோசித்திருக்கிறேன். எண்ணத் தெரியாததால் வந்ததா? எண்ணத் தெரிந்தும் நம்பாமல் வந்ததா? எதை முதலில் தூக்குவது என்று எப்படித் தீர்மானித்தது? வாசலுக்குக் கிட்டக் கிடந்ததையா, கூடத் தும்மியதையா? கண்டதைப் படித்துப் பார்த்தேன், மிருகங்களைப் பற்றித் தெரிந்தவர்களிடம் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தேன். அதன் கை மிகக் கூர்மையானது, கையால்தான் அது உலகத்தைப் பார்க்கிறது என்று சொன்னார்கள். அது எனக்குத் தெரிந்ததுதான். தடவும்போது அதன் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா இப்போது ரொறன்ரோவுக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில்லில் தம்பியோடு இருக்கிறார். பெரிய வீடு, ஆளுக்கொரு அறை. எங்கே புறப்பட்டாலும் எல்லாரும் காரில் ஏறி, பெல்ற் போட்டு முடிந்த பிறகு, "பொறுங்கோ வாறன்" என்று இறங்கித் திரும்ப வீட்டுக்குள் போவார். "அடுப்பு நிப்பாட்டியாச்சு அம்மா!" என்று தம்பி ஸ்ரியறிங்கில் இருந்து கத்துவான். பேரப்பிள்ளைகள் கண்ணை உருட்டுவார்கள். வயது போனால் அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன்.

போன மாதம் அந்தக் கலியாணத்துக்குப் புறப்பட்ட அன்றும் இறங்கிப் போனார். படியில் விழுந்துவிடுவார் என்ற பயத்தில் நான் பின்னால் போனேன். குசினிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மெல்ல மாடியேறி, ஒவ்வோர் அறையாகப் போனார். கட்டில் விரிப்பின் மேல் கையை வைத்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை தடவினார். முகம் யன்னலைப் பார்த்தபடி இருந்தது.

"என்னம்மா தேடுறீங்கள்?"

"ஒண்டுமில்லை. எல்லாரும் வந்திட்டினமோ எண்டு."

"எல்லாரும் கார்லை இருக்கினம் அம்மா. நானும் வந்திட்டன்."

"தெரியும்" என்றார் அம்மா. அடுத்த கட்டிலில் கையை வைத்தார். "தெரிஞ்சாலும் ஒருக்காத் தடவிப் பாக்கோணும்."